மீட்டிங்கை ஆராய எதுக்கு இத்தனை துறை ஆட்கள்?

கேள்வியை முதல்ல சுருக்கமா சொல்லிடறேன், புதுசா படிக்கறவங்களுக்கும் புரியணும்ல. கேட்டவங்க சைக்காலஜியில பிஎச்டி ஆரம்பிச்சிருக்காங்க, தலைப்பு வேலை இடத்துல நடக்கற மீட்டிங். கைடு என்ன சொல்றாருன்னா, மொழியியல் ஆள் ஒருத்தர், கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆள் ஒருத்தர், முடிஞ்சா மானுடவியல் ஆள் ஒருத்தர்னு சேர்த்துக்கிட்டு பண்ணு அப்படிங்கறார். இது நிஜமாவே ஆராய்ச்சிக்கு உதவுமா, இல்ல ஃபண்டிங் கேட்கும்போது பார்க்க நல்லா இருக்கும்ங்கறதுக்காகவான்னு கேட்டிருக்கீங்க.

உதவும். ஆனா ஒரு கண்டிஷன் இருக்கு. எல்லாரும் ஒரே ரெக்கார்டிங்கை ஒண்ணா உட்கார்ந்து பார்க்கணும், அவங்கவங்க ஊர்ல அவங்கவங்க டேட்டாவை வச்சு ஆளுக்கு ஒரு சாப்டர் எழுதி கடைசியில ஒட்டினா அது கூட்டு ஆராய்ச்சி ஆகாது, ஒரே அட்டைக்குள்ள நாலு தனி பேப்பர், அவ்வளவுதான். ஏன் இவ்வளவு உறுதியா சொல்றேன்னு கொஞ்சம் நீளமாவே எழுதறேன், ஏன்னா இந்த விஷயத்துல எனக்கு ரொம்ப அக்கறை உண்டு, பல வருஷம் இதுக்குள்ளயே இருந்திருக்கேன்.

முதல்ல யார் யார் இதுல இருக்காங்கன்னு பார்த்துடலாம். குழுவா உட்கார்ந்து பேசறதை முறையா எண்ணி பார்த்தவர்னா ஹார்வர்டுல இருந்த ராபர்ட் பேல்ஸ்தான் ஞாபகத்துக்கு வருவார், 1950-ல அவர் வெளியிட்ட முறையில ஒருத்தர் பேசற ஒவ்வொரு சின்ன துண்டையும் 12 வகையில ஒண்ணுல போடணும், யோசனை சொல்றாரா, கருத்து கேட்கறாரா, ஒத்துக்கறாரா, எதிர்க்கறாரா, இப்படி. அப்புறம் 1974-ல ஹார்வி சாக்ஸ், இமானுவேல் ஷெக்லாஃப், கெய்ல் ஜெஃபர்சன் மூணு பேரும் பேச்சுல முறை எப்படி மாறுது, ஒருத்தர் முடிச்சதும் அடுத்து யார் பேசறாங்கன்னு எப்படி தீர்மானம் ஆகுதுன்னு ஒரு கட்டுரை எழுதினாங்க, உரையாடல் பகுப்பாய்வு பண்றவங்க எல்லாருக்கும் இன்னிக்கும் அதுதான் அடித்தளம். 1989-ல ஹெலன் ஷ்வார்ட்ஸ்மன்ங்கற மானுடவியலாளர் ஒரு மனநல மையத்துல தான் பண்ணின ஃபீல்டு வொர்க்கை வச்சு மீட்டிங் பத்தி தனி புத்தகமே போட்டாங்க. அவங்க சொன்னதுல முக்கியமானது இதுதான்: எல்லா ஆராய்ச்சியாளரும் மீட்டிங்ல போய் உட்கார்ந்து வேற எதையோ பார்க்கறாங்க, தலைமைத்துவம், முடிவெடுக்கறது, அதிகாரம்னு, மீட்டிங்கையே யாரும் பார்க்கறதில்ல. அவங்களுக்கு மீட்டிங்ங்கறது வேலை நடக்கற ஒரு கருவி மட்டும் இல்ல, ஒரு நிறுவனம்னு ஒண்ணு இருக்குங்கறதே அதுல இருக்கறவங்க கண்ணுக்கு தெரியற இடம் அதுதான்.

சைக்காலஜி பக்கம் இது சூடு பிடிச்சது 2000-க்கு அப்புறம்தான், ஸ்டீவன் ரோகல்பெர்க், ஜோசப் ஆலன், நாலே லேமன்-வில்லன்ப்ராக், சிமோனே காஃப்ஃபெல்ட் இவங்க பேரெல்லாம் நீங்க ஏற்கனவே படிச்சிருப்பீங்க. 2015-ல கேம்பிரிட்ஜ்ல இருந்து மீட்டிங் சயின்ஸுக்குன்னே ஒரு பெரிய கைநூல் வந்தது. 2017-ல பிரிட்டன் மானுடவியலாளர்களோட முக்கியமான ஜர்னல்ல மீட்டிங் பத்தி மட்டும் ஒரு சிறப்பிதழ் வந்தது. ரெண்டும் ரெண்டு வருஷ இடைவெளிதான். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு படிச்சு பாருங்க, ஒரே விஷயத்தை பத்தி ரெண்டு வேற உலகம் பேசிக்கற மாதிரி இருக்கும்.

அந்த ரெண்டு உலகம் எங்க பிரியுதுன்னா மீட்டிங்னா என்னங்கற இடத்துலயே பிரியுது. ஷ்வார்ட்ஸ்மன் வரையறையில குறைஞ்சது 3 பேர் வேணும். ரோகல்பெர்கும் கூட இருந்தவங்களும் 2006 கட்டுரையில 2 பேர் போதும்னு எடுத்துக்கறாங்க, வேலை சம்பந்தமா ஒரு நோக்கத்தோட பேசணும், சும்மா அரட்டையை விட ஒழுங்கு அதிகமா இருக்கணும், லெக்சரை விட கம்மியா இருக்கணும். இது சின்ன வித்தியாசம்னு தோணும். தோணக்கூடாது. ஒரு மேனேஜரும் அவருக்கு கீழ வேலை பார்க்கறவரும் வாரா வாரம் தனியா உட்கார்ந்து பேசறது மீட்டிங்கா இல்லையா? ஆமான்னா ஒருத்தர் வாரத்துக்கு எத்தனை மீட்டிங் போறார்ங்கற கணக்கே மாறிடும், அதை வச்சு களைப்பு, திருப்தின்னு போடற அத்தனை கணக்கும் மாறும். 2 பேர் பேசும்போது ஒருத்தர் நிறுத்தினா இன்னொருத்தர்தான் பேசணும், வேற வழி இல்ல. 3 பேர் ஆனதும்தான் அடுத்து யாருங்கற கேள்வியே பிறக்குது, ஒருத்தர் சும்மா இருக்கலாங்கற வசதியும் அப்பதான் வருது, ரெண்டு பேர் சேர்ந்து மூணாமவரை ஓரம் கட்டறதும் அப்பதான் முடியும். அதனால எங்க டீம்ல 2 பேர் மீட்டிங், 3 பேரோ அதுக்கு மேலயோ இருக்கற மீட்டிங் ரெண்டையும் தனித்தனியா குறிச்சு வைக்கறதுன்னு முதல் மாசமே முடிவு பண்ணினோம், அந்த ஒரு முடிவு பின்னாடி நிறைய சண்டையை தவிர்த்துச்சு.

சரி, இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றேன். ஒரு காட்சியை எடுத்துக்கோங்க, நானா உதாரணத்துக்கு சொல்றது. ஏழு பேர் இருக்கற மீட்டிங், நடத்தறவங்க ஒரு புது வேலைத்திட்டத்தை சொல்லி முடிச்சுட்டு "எல்லாருக்கும் ஓகேதானே?"ன்னு கேட்கறாங்க. ஒண்ணரை செகண்ட் யாரும் பேசல. அப்புறம் ஒருத்தர் "ம்ம், ஓகே"ங்கறார். "சரி, அடுத்த பாயிண்ட் போலாம்"னு நகர்ந்துடறாங்க.

நீங்க சைக்காலஜி, ஒவ்வொரு பேச்சும் எந்த வகைன்னு ஒரு அடையாளம் (கோடு) போடற உங்க கோடிங் ஷீட்ல நடத்தறவங்க கேட்டது ஒரு நடைமுறை கேள்வி, பதில் ஒரு ஒப்புதல், முடிஞ்சது. மீட்டிங் முடிஞ்சதும் சர்வே குடுப்பீங்க, முடிவுல எவ்வளவு திருப்தின்னு 1-ல இருந்து 5-க்குள்ள போட சொல்லுவீங்க. பேசாம இருந்த அஞ்சு பேரும் உங்க ஷீட்ல எங்கயுமே இருக்க மாட்டாங்க, ஏன்னா பேசினாதான் கோடு போட முடியும்.

உரையாடல்காரங்க, அதாவது உரையாடல் பகுப்பாய்வு பண்ற மொழியியல் ஆட்கள், அந்த ஒண்ணரை செகண்ட்லயே நிப்பாங்க. பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009-ல வந்த ஒரு ஆராய்ச்சியில ஆமா-இல்ல கேள்விக்கு பதில் வர்ற இடைவெளி சராசரியா சுமார் 200 மில்லிசெகண்ட்தான், மொழிக்கு மொழி கொஞ்சம் கூடும் குறையும், ஆனா எல்லாம் அதை ஒட்டியே வரும். அதோட பார்த்தா ஒண்ணரை செகண்ட் ரொம்ப நீளம். அனிட்டா பொமரான்ட்ஸ் 1984-ல காட்டினது என்னன்னா, ஒத்துக்கறது சட்டுனு வரும், மறுப்பு தயங்கி தயங்கி, சுத்தி வளைச்சுதான் வரும், பேசாம இருக்கறதே மறுப்போட முதல் அறிகுறியா கேட்கறவங்களுக்கு படும். அதனால உங்க ஷீட்ல ஒப்புதல்னு இருக்கறது அவங்க கண்ணுக்கு சொல்லாம விட்ட மறுப்பா தெரியும். கேள்வியோட வடிவத்தையும் அவங்க விடமாட்டாங்க, "ஓகேவா"ன்னு கேட்கறதும் "ஓகேதானே"ன்னு கேட்கறதும் ஒண்ணு இல்ல, ரெண்டாவது பதிலை கையோட எடுத்துக்கிட்டே வருது, அதுக்கு இல்லைன்னு சொல்ல தைரியம் வேணும்.

மானுடவியல் ஆள் அந்த ரூமை விட்டே வெளிய போயிடுவாங்க. மீட்டிங்குக்கு முந்தின நாள் யார் யாரை பார்த்தாங்க, முடிஞ்சதும் காரிடார்ல ரெண்டு பேர் என்ன பேசிக்கிட்டாங்க, மினிட்ஸ்ல அந்த இடத்தை எப்படி எழுதியிருக்கு, ஏகமனதா ஏத்துக்கப்பட்டதுன்னு எழுதியிருக்கா, அந்த மினிட்ஸை ஆறு மாசம் கழிச்சு யார் எடுத்து யார்கிட்ட காட்டினாங்க. ஒண்ணரை செகண்ட் மௌனம் மினிட்ஸ்ல ஏகமனதா மாறறதுக்குள்ள எத்தனை கை பட்டிருக்குங்கறதை கூடவே மாசக்கணக்கா இருந்தவங்களுக்குத்தான் பார்க்க முடியும்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆளுக்கு அந்த மௌனம் பேச்சு இல்லாத பகுதி, அவரோட ப்ரோக்ராம் அதை வெட்டி எறிஞ்சுட்டு அடுத்த குரலுக்கு போயிடும். ஆனா அவர்கிட்டதான் வேற யார்கிட்டயும் இல்லாதது இருக்கு. இதே மாதிரி கேட்டதும் ஒரு செகண்டுக்கு மேல மௌனம் விழுந்த இடம் முன்னூறு மணி நேர ரெக்கார்டிங்ல எங்கெங்க இருக்குன்னு எடுத்துக் குடுக்க அவரால முடியும், மனுஷங்க கேட்டு எழுதினா வருஷம் ஆகும்.

இப்ப இந்த நாலு பேரையும் ஒரே ஸ்க்ரீன் முன்னாடி உட்கார வச்சா என்ன நடக்கும்னு யோசிங்க. உரையாடல்காரர் மௌனத்தை காட்டுவார், கம்ப்யூட்டர் ஆள் அதே மாதிரி இருநூறு இடத்தை கொண்டு வருவார், மானுடவியல் ஆள் அதுல எந்தெந்த முடிவு பின்னாடி நடைமுறைக்கு வராமலே போச்சுன்னு சொல்லுவார், நீங்க அந்த மௌனத்துக்கும் முடிவு நடைமுறைக்கு வந்ததா இல்லையாங்கறதுக்கும் தொடர்பு இருக்கான்னு கணக்கு போட்டு பார்ப்பீங்க. இதுல ஒருத்தர் இல்லைன்னாலும் அந்த கேள்வியே பிறக்காது. தனித்தனியா எழுதி ஒட்டினா பிறக்காதுங்கறதுக்கு இதுதான் காரணம், கேள்வியே அந்த ரூம்லதான் உருவாகுது.

எண்ணறதை குறைச்சு சொல்றேன்னு நினைச்சுடாதீங்க. காஃப்ஃபெல்டும் லேமன்-வில்லன்ப்ராக்கும் 2012-ல வெளியிட்ட வேலையை எடுத்துக்கோங்க, ஜெர்மனியில 20 நிறுவனங்கள்ல 92 டீமோட வழக்கமான மீட்டிங்கை வீடியோ எடுத்து, ஒவ்வொரு வாக்கியமா ஆக்ட்4டீம்ஸ்ங்கற முறையில கோடு போட்டு, நிறுவனம் எப்படி போகுதுன்னு இரண்டரை வருஷம் கழிச்சு பார்த்தாங்க. அடுத்து என்ன செய்யணும்னு திட்டம் போட்டு பேசின டீமுக்கு நல்லது நடந்தது, அது எதிர்பார்த்ததுதான். ஆனா குறை சொல்றது, புலம்பறது, ஆளை தாக்கறது இதோட கெடுதல், நல்ல பேச்சோட நன்மையை விட பலமா தெரிஞ்சது. புலம்பல் தொத்திக்கும்ங்கறதையும் காஃப்ஃபெல்ட் முன்னாடியே காட்டியிருக்காங்க, ஒருத்தர் ஆரம்பிச்சா அடுத்தவர் ஆமா போடுவார், அது இன்னொரு புலம்பலுக்கு கொண்டு போகும். இவ்வளவு பெரிய அளவுல இதை சொல்ல எண்ணாம முடியாது, ஒரு உரையாடல்காரர் வாழ்நாள் முழுக்க உட்கார்ந்தாலும் 92 டீமை அவரோட முறையில எழுதி முடிக்க மாட்டார், ஒரு மணி நேர பேச்சை பத்துல ஒரு பங்கு செகண்ட் வரை குறிச்சு எழுதறது பல நாள் வேலை. ஆனா ஒரு பேச்சை புலம்பல்னு முடிவு பண்றது யாரு? நடக்காதுன்னு தெரிஞ்ச திட்டத்தை பத்தி அனுபவம் உள்ள ஒருத்தர் "இதெல்லாம் இங்க நடக்கவே நடக்காது"ன்னா அது புலம்பலா, எச்சரிக்கையா? கோடு ஷீட் அதை ஒரே பெட்டியில போடும். கூடவே இருந்து பார்த்த ஆள்தான் ரெண்டையும் பிரிச்சு சொல்ல முடியும்.

இன்ஜினியர் பக்கம் ஒரு விஷயத்தை சொல்லியே ஆகணும், ஏன்னா நம்ம ஆளுங்க இதை அதிகம் கண்டுக்கறதில்ல. பேச்சை அடையாளம் காணற தொழில்நுட்பத்துக்காக அமெரிக்காவுல பெர்க்லியில ஐசிஎஸ்ஐங்கற கம்ப்யூட்டர் ஆராய்ச்சி நிறுவனம் 2000-த்தை ஒட்டி 75 மீட்டிங்கை ரெக்கார்ட் பண்ணி பொதுவுல வச்சது, சுமார் 72 மணி நேரம். பெரும்பாலும் அவங்களே வாரா வாரம் நடத்தின ஆராய்ச்சி மீட்டிங்தான், ரெக்கார்ட் பண்ணலைன்னாலும் நடந்திருக்கும். பேசினவங்க பின்னாடி படிச்சு பார்த்து வேண்டாம்னு நினைச்ச இடத்தை பீப் போட்டு மறைக்கவும் உரிமை குடுத்தாங்க, சம்மதம் வாங்கறது எப்படின்னு யோசிக்கறவங்களுக்கு இது நல்ல முன்மாதிரி. அடுத்து ஐரோப்பாவுல ஏஎம்ஐ ப்ராஜெக்ட், எடின்பரோ, சுவிட்சர்லாந்துல இடியாப்ங்கற ஆராய்ச்சி நிறுவனம், நெதர்லாந்துல டிஎன்ஓங்கற ஆராய்ச்சி நிறுவனம்னு மூணு இடத்துல சுமார் 100 மணி நேரம், வீடியோ, வைட்போர்டு, பேனா எழுத்து எல்லாம் சேர்த்து. இதுல பெரும்பகுதி நாலு பேர் ஒரு டிவி ரிமோட் டிசைன் பண்ற மாதிரி நடிச்ச மீட்டிங். அதனால சைக்காலஜி ஆட்கள் "இது நிஜம் இல்லையே"ன்னு ஒதுக்கறாங்க. நான் ஒதுக்க மாட்டேன். ஒரே வேலை, ஒரே நாலு பொறுப்பு, திரும்ப திரும்ப வேற வேற ஆட்கள், இந்த மாதிரி ஒப்பிடற வசதி நிஜ ஆஃபீஸ்ல கிடைக்கவே கிடைக்காது, அதுவும் நயா பைசா செலவில்லாம டவுன்லோடு பண்ணிக்கலாம். உங்க முதல் வருஷத்துக்கு அதுவே போதும்னுகூட சொல்லுவேன்.

ரெண்டு பேர் ஒரே நேரத்துல பேசற இடம் ஒண்ணு இருக்கு பாருங்க, அது இன்ஜினியருக்கு தலைவலி, மெஷினால பிரிக்க முடியல, பிழை விகிதம் ஏறுது. உரையாடல்காரருக்கு அதே இடம்தான் விருந்து, யார் யாருக்கு வழி விட்டாங்க, யார் விடல, குறுக்க வந்தது ஆதரவா எதிர்ப்பான்னு அங்கதான் தெரியும். ஒருத்தரோட குப்பை இன்னொருத்தரோட டேட்டா. எங்க டீம்ல இன்ஜினியர் ரெண்டு மாசம் உழைச்சு ஓவர்லாப் எல்லாத்தையும் சுத்தம் பண்ணி அழகான ஆடியோ ஒண்ணு அனுப்பினார், எங்க மொழியியல் ஆளுக்கு அதை கேட்டதும் கண்ணே கலங்கிடுச்சு, அவங்களுக்கு வேண்டியது அத்தனையும் போயிருந்தது. நல்லவேளையா மூல ஃபைல் இருந்தது. முன்னாடியே ஒரு நாள் சேர்ந்து உட்கார்ந்து கேட்டிருந்தா அந்த ரெண்டு மாசம் மிச்சம். ரெண்டு பேர் மேலயும் தப்பு இல்ல, டேட்டான்னு ரெண்டு பேரும் சொன்னாங்க, ரெண்டு பேர் மனசுலயும் இருந்தது வேற வேற.

இன்னொரு சண்டை "ஓகே"ங்கற வார்த்தையால வந்தது. சைக்காலஜி பக்கத்துக்கு ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரே ஒரு கோடுதான் வேணும், ரெண்டு பேர் தனித்தனியா போட்டு எவ்வளவு ஒத்துப்போகுதுன்னு கப்பா கணக்கு காட்டணும், இல்லைன்னா எந்த ஜர்னலும் வாங்காது. மொழியியல் ஆள் ஒரே "ஓகே" ஒப்புதலாவும் இருக்கலாம், பேச்சை முடிச்சு வைக்கறதாவும் இருக்கலாம், ரெண்டும் ஒரே நேரத்துலயும் இருக்கலாம், ஒண்ணை மட்டும் எடுக்க மாட்டேன்னு நின்னாங்க. மூணு வாரம் இழுத்துச்சு. கடைசியில ரெண்டு அடுக்கா வச்சோம், மேல் அடுக்கு எண்ணறதுக்கு, கீழ் அடுக்குல அந்த இடம் ஏன் சந்தேகமா இருக்குன்னு ஒரு வரி. பின்னாடி பார்த்தா ரெண்டு பேர் ஒத்துப்போகாத இடங்கள்தான் ரொம்ப சுவாரசியமான இடங்கள், எங்க அடுத்த வேலையே அதுல இருந்துதான் கிளம்பிச்சு. கப்பா குறையுதேன்னு அந்த இடங்களை தூக்கி எறிஞ்சுடாதீங்க, தனியா ஒரு ஃபோல்டர்ல போட்டு வைங்க.

ஆன்லைன் மீட்டிங்னு எடுத்தா இந்த தேவை இன்னும் கூடுது. மைக்ரோசாஃப்ட் ஆட்கள் 2021-ல வெளியிட்ட ஒண்ணுல மீட்டிங் நடக்கும்போதே வேற வேலை பார்க்கறது எப்ப அதிகம்னு பார்த்தாங்க, பெரிய மீட்டிங், நீளமான மீட்டிங், காலையில நடக்கறது, வழக்கமா திரும்ப திரும்ப வர்றது, இதுலதான் அதிகம். அதை மெஷின் பதிவு வச்சு எண்ணினாங்க, ஆனா அதோட நிக்காம ஆட்களை டைரி எழுத வச்சு ஏன்னும் கேட்டாங்க. ஏன்னா நடுவுல ஒரு மெயில் அனுப்பினா கவனம் சிதறினதாவும் இருக்கலாம், அந்த மீட்டிங்குக்கே தேவையான ஃபைலை தேடி அனுப்பினதாவும் இருக்கலாம், பதிவு ரெண்டையும் ஒரே மாதிரிதான் காட்டும். அதே வருஷம் வந்த இன்னொரு ஆராய்ச்சியில கேமரா ஆன்ல இருந்தா களைப்பு கூடுது, பெண்களுக்கும் புதுசா சேர்ந்தவங்களுக்கும் அது அதிகம்னு வந்தது. ஏன் அவங்களுக்கு அதிகம்னு உண்மையா தெரிஞ்சுக்கணும்னா அவங்க திரையில என்ன பண்றாங்க, எத்தனை தடவை தன் முகத்தையே பார்க்கறாங்க, பேச வாய் எடுத்து எத்தனை தடவை விட்டாங்கன்னு வீடியோவை நிறுத்தி நிறுத்தி பார்க்கற ஆள் வேணும்.

எல்லாத்துக்கும் நாலு துறை வேணும்னும் சொல்லல. நின்னுக்கிட்டே மீட்டிங் நடத்தினா எப்படின்னு 1999-ல ப்ளூடோர்னும் கூட்டாளிகளும் ஒரு சோதனை பண்ணினாங்க, அஞ்சு அஞ்சு பேரா 111 குழு, உட்கார்ந்த குழு 34 சதவீதம் அதிக நேரம் எடுத்துக்கிச்சு, முடிவோட தரம் ஒண்ணும் கூடல. இதுக்கு ஒரு துறை போதும், கேள்வி தெளிவு, அளவுகோல் தெளிவு. உங்க கேள்வி இந்த மாதிரின்னா கைடுகிட்ட தைரியமா சொல்லுங்க, ஆள் சேர்க்க வேண்டாம்னு. கூட்டு வேலை நேரத்தை தின்னும், உங்களுக்கு பிஎச்டி முடிக்க தேதி இருக்கு. கம்ப்யூட்டர் சயின்ஸ்ல மாநாட்டு டெட்லைன் சில மாசத்துக்கு ஒண்ணு வரும், மானுடவியல்ல ஒரு வருஷம் ஃபீல்டுல இருந்துட்டு அப்புறம்தான் எழுதவே உட்காருவாங்க, நடுவுல நீங்க மாட்டிப்பீங்க. பேப்பர்ல யார் பேர் முதல்ல, யார் எந்த பேப்பரை எந்த துறை ஜர்னலுக்கு எடுத்துட்டு போறாங்கன்னு ஆரம்பத்துலயே எழுதி வச்சுக்கோங்க, நட்பு நல்லா இருக்கும்போதே எழுதணும். சம்மத படிவத்துல வேற துறை ஆட்களும் இந்த ரெக்கார்டிங்கை பார்ப்பாங்கன்னு தெளிவா இருக்கணும், பலர் இதை மறந்துட்டு பின்னாடி ஒவ்வொருத்தரா தேடிப் போய் திரும்ப கையெழுத்து வாங்கறாங்க, அதுக்குள்ள பாதி பேர் வேலை மாறி போயிருப்பாங்க.

இப்போதைக்கு ஒண்ணு பண்ணுங்க. ஏஎம்ஐ தொகுப்புல இருந்து ஒரு மீட்டிங் எடுத்து அதுல பத்து நிமிஷம் வெட்டிக்கோங்க. கைடு சொன்ன அந்த மூணு பேரையும் ரெண்டு மணி நேரத்துக்கு கூப்பிடுங்க, ப்ரொபோசல் எதுவும் காட்டாதீங்க, வெறும் வீடியோ மட்டும். ஒரு தடவை முழுசா ஓட விட்டு, எந்த இடத்துல நிறுத்தணும்னு தோணுச்சுன்னு ஒவ்வொருத்தரையும் தனியா ஒரு பேப்பர்ல நேரத்தை குறிக்க சொல்லுங்க, நீங்களும் குறிங்க, அப்புறம் நாலு பேப்பரையும் பக்கத்துல பக்கத்துல வைங்க. நாலு பேரும் வேற வேற இடத்துல நிறுத்தி, மத்தவங்க ஏன் அங்க நிறுத்தினாங்கன்னு கேட்க ஆரம்பிச்சாங்கன்னா இவங்களோட மூணு வருஷம் வேலை பார்க்கலாம். மத்தவங்க குறிச்ச இடத்தை ஒருத்தர் எட்டிக்கூட பார்க்கலைன்னா அவரை சேர்க்காதீங்க, எவ்வளவு பெரிய பேரா இருந்தாலும் சரி. அந்த நாலு பேப்பர்ல என்ன வந்ததுன்னு இங்கயே வந்து எழுதுங்க, அதை பார்த்துட்டு உங்க கேள்வியை எப்படி வடிவமைக்கலாம்னு மேற்கொண்டு சொல்றேன்.